லாரித் தண்ணீர்க் காசை யார் எவ்வளவு கொடுப்பது? பிளவுபட்ட கூட்டத்தில் உடன்படும் இடத்தைத் தேடுதல்

ஏப்ரல் பிறந்தால் சென்னையின் பல அடுக்குமாடிக் குடியிருப்புகளில் ஒரே பேச்சுதான். போர்வெல் இறங்கிவிடுகிறது, மெட்ரோ வாட்டர் குழாயில் வருவது காலைத் தேவைக்கே பத்துவதில்லை, லாரி வரத் தொடங்குகிறது. அந்த லாரிக் காசை எப்படிப் பிரிப்பது? வீட்டுக்கு இவ்வளவு என்று சமமாகவா, தலைக்கு இவ்வளவு என்றா, சதுர அடிக் கணக்கிலா, வீட்டுக்கு வீடு மீட்டர் வைத்தா? 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டு கிடந்தன. மழை நன்றாகப் பெய்த ஆண்டுகளிலும் கோடைக்குக் கோடை இந்தக் கேள்வி திரும்பி வருகிறது.

குடியிருப்போர் நலச்சங்கக் கூட்டத்தில் இதை எடுத்தால் பெரும்பாலும் இப்படித்தான் போகும். செயலாளர் ஒரு திட்டத்தைப் படிப்பார். நாலைந்து பேர் முக்கால் மணி நேரம் மாறி மாறிப் பேசுவார்கள். மற்றவர்கள் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். யாரோ ஒருவர் "ஓட்டுக்கு விட்டுடுங்க சார், நேரமாகுது" என்பார். 22 கை ஒரு பக்கம், 15 கை மறுபக்கம். தீர்மானம் நிறைவேறிவிட்டது என்று குறிப்பேட்டில் ஏறும். அடுத்த மாதம் அந்தப் பதினைந்து வீடுகளில் பாதிப்பேர் காசு கட்டமாட்டார்கள். லாரிக்காரருக்குப் பாக்கி விழும். காசு கேட்பது பக்கத்து வீட்டுக்காரர், தர மறுப்பதும் பக்கத்து வீட்டுக்காரர் என்ற நிலையில் எண்ணிக்கையில் ஜெயிப்பதால் பெரிய பயன் இல்லை. தோற்றவரும் நாளை காலை அதே லிஃப்டில்தான் வருவார்.

இந்த மாதிரிக் கூட்டத்தில் எல்லோரும் ஒன்றாக நிற்கக்கூடிய இடத்தைக் கண்டுபிடிப்பது ஒரு வேலை. நல்ல மனசு மட்டும் இருந்தால் அது நடந்துவிடாது. அதற்கென்று சில முறைகள் இருக்கின்றன, கற்றுக்கொள்ள முடியும். முறைகளை இந்தத் தண்ணீர்க் கூட்டத்தை வைத்தே விளக்குகிறோம். கோயில் திருவிழாக் கணக்கு, பெற்றோர் கூட்டம், பாகப்பிரிவினை என்று வேறு இடங்களுக்கும் இவை அப்படியே பொருந்தும்.

நடுவில் கோடு போட்டால் போதாது

உடன்பாடு என்றதும் பலர் மனதில் வருவது பாதிக்குப் பாதி. ஒருவர் ஆயிரம் கேட்கிறார், இன்னொருவர் இரண்டாயிரம் கேட்கிறார், ஆயிரத்து ஐந்நூறில் முடித்துவிடலாம் என்ற கணக்கு. சில நேரம் இது போதும். பல நேரம் இரண்டு பேருக்குமே வயிற்றெரிச்சலோடு முடியும்.

அமெரிக்காவின் மேலாண்மைச் சிந்தனையாளர் மேரி பார்க்கர் ஃபோலெட் 1920களிலேயே இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டினார். ஒரு நூலகத்தின் சிறிய அறையில் இரண்டு பேர். ஒருவருக்கு ஜன்னல் திறந்திருக்க வேண்டும், மற்றவருக்கு மூடியிருக்க வேண்டும். பாதி திறந்து வைத்தால் இருவருக்கும் குறைதான். பேசிப் பார்த்ததில், ஒருவருக்கு வேண்டியது அறைக்குள் காற்று. மற்றவருக்கு வேண்டாதது தன்மீது நேராக அடிக்கும் காற்று. ஆளில்லாத பக்கத்து அறையின் ஜன்னலைத் திறந்தார்கள். இரண்டு பேரும் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை.

இதையே பெரிய அளவில், 1978 செப்டம்பரில் அமெரிக்க அதிபரின் ஓய்வில்லமான கேம்ப் டேவிட்டில் அமெரிக்கா நடுவராக இருக்க எகிப்தும் இஸ்ரேலும் பேசியதில் பார்க்கலாம். 1967 போரில் எகிப்திடமிருந்து இஸ்ரேல் பிடித்த சினாய் தீபகற்பத்தைப் பற்றிய பேச்சு அது. வரைபடத்தில் எங்கே கோடு போட்டாலும் இரு தரப்புக்கும் ஒத்துவரவில்லை. எகிப்துக்கு அந்த மண் முழுவதும் தன்னுடையது என்ற உரிமை வேண்டும், ஓர் அங்குலமும் குறையக்கூடாது. இஸ்ரேலுக்கு எகிப்தின் டாங்கிகள் தன் எல்லையோரம் நிற்கக்கூடாது. இந்த இரண்டும் ஒன்றோடொன்று மோதவே இல்லை என்பதைக் கவனியுங்கள். நிலம் முழுவதும் எகிப்துக்குத் திரும்பும், எல்லையை ஒட்டிய பெரும்பகுதியில் கனரகப் படைகள் இருக்காது என்று முடிந்தது. 1979 மார்ச் 26 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது, 1982க்குள் இஸ்ரேலியப் படை சினாயை விட்டு வெளியேறியது. பாலஸ்தீனர்களின் கேள்விக்கு அதே கேம்ப் டேவிட்டில் விடை கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். உடன்பட முடிந்த விஷயத்தை முடித்தார்கள். முடியாததற்குத் தனியாக ஒரு தாள் எழுதினார்கள், அது தாளாகவே நின்றுவிட்டது.

ஒருவர் வாய்விட்டுச் சொல்வது அவருடைய பிடி. அந்தப் பிடிக்கு அடியில் ஒரு கவலையோ தேவையோ இருக்கும். பிடிகள் மோதும் இடத்தில் எவ்வளவு நேரம் நின்றாலும் வழி கிடைக்காது. கவலைகள் சேர்ந்து நிற்க இடமிருக்கிறதா என்றுதான் தேட வேண்டும்.

அடியில் இருப்பதை எடுப்பது எப்படி

நேராக "ஏன்?" என்று கேட்டால் காரியம் கெடும். நம் பேச்சில், அதுவும் பலர் முன்னால், "ஏன் வேண்டாங்கிறீங்க?" என்பது விசாரணையாகத்தான் காதில் விழும். எதிரே இருப்பவர் உடனே தற்காப்புக்குப் போவார், பிடி இன்னும் இறுகும். அதற்குப் பதில் இரண்டு கேள்விகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, "அப்படி நடந்தா உங்க வீட்டுல என்ன கஷ்டம் வரும்?" இன்னொன்று, "எது மட்டும் நடக்கவே கூடாதுன்னு நினைக்கிறீங்க?"

மீட்டரை எதிர்க்கும் ஓய்வுபெற்ற ஒருவரிடம் சங்கத் தலைவி பேசுவதாக வைத்துக்கொள்வோம்.

"மீட்டர் வேண்டவே வேண்டாம்மா."

"மீட்டர் வச்சா உங்க வீட்டுல என்ன சிக்கல் வரும் சார்?"

"பாத்ரூம் டைல்ஸை உடைப்பாங்க. போன வருஷம்தான் புதுசா போட்டோம்."

"டைல்ஸ்ல கை வைக்காம, வெளியில குழாய் இறங்குற ஷாஃப்ட்லயே வைக்க முடிஞ்சா?"

"அது பரவாயில்லை. ஆனா மாசாமாசம் பில்லு ஏறி ஏறி இறங்கக் கூடாது. பென்ஷன்ல ஓடுற வீடு."

ஐந்து வரியில் ஒரு பிடி இரண்டு கவலைகளாகப் பிரிந்துவிட்டது. ஒன்று டைல்ஸ், இன்னொன்று மாதச் செலவின் நிச்சயம். இரண்டாவது கவலை ஆறு பேர் இருக்கும் குடும்பத்துக்கும் உண்டு. கூட்டத்தில் எதிரெதிரே நிற்கும் இந்த இரண்டு வீடுகளும் ஒரே விஷயத்துக்குப் பயப்படுகின்றன. இதுவரை ஒருவருக்கொருவர் அதைச் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

இப்படிக் கேட்டுப் பார்த்தால் தண்ணீர் விஷயத்தில் வரக்கூடிய கவலைகளை ஏறக்குறைய முன்கூட்டியே சொல்லிவிடலாம். இரண்டு பேர் மட்டும் உள்ள வீட்டுக்கு, அடுத்தவர் குளிப்பதற்குத் தாம் காசு தருகிறோமே என்ற ஆதங்கம். பெரிய குடும்பத்துக்கு, ஊரிலிருந்து விருந்தாளி வந்தால்கூட வாட்ச்மேன் தலை எண்ணுவாரோ என்ற கூச்சம். வீட்டைப் பூட்டிவைத்திருக்கும் உரிமையாளருக்கு, குடிக்காத தண்ணீருக்குப் பணமா என்ற கேள்வி. வாடகைக்கு இருப்பவருக்கு, அடுத்த வருடம் காலி செய்யப்போகும் வீட்டில் மீட்டர் செலவை ஏன் ஏற்க வேண்டும் என்ற கேள்வி. இருவரும் வேலைக்குப் போகும் வீட்டுக்கு, காலை ஆறு முதல் எட்டு வரை மட்டும் தண்ணீர் என்று நேரம் வைத்துவிட்டால் சாயங்காலம் என்ன செய்வது என்ற பயம். இவற்றில் எதுவும் மற்றவர் கேட்டால் சிரித்து ஒதுக்கக்கூடியது இல்லை.

கூட்டத்துக்கு முந்தைய வாரம்

பாதி வேலை கூட்டத்துக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். கூட்டத்தில்தான் முதன்முதலாகப் பேசப்போகிறோம் என்றால் தோல்விக்குத் தயாராகிவிட்டோம் என்று பொருள்.

நாற்பது வீடு என்றால் ஆறிலிருந்து எட்டு வீடுகளுக்கு நேரில் போங்கள், ஒவ்வொன்றிலும் 15 நிமிடம். அதிகம் சத்தம் போடுபவர்கள் மட்டும் போதாது. வாடகைக்காரர் ஒருவர், பெரிய குடும்பம் ஒன்று, தனியாக வாழும் முதியவர் ஒருவர், வழக்கமாகக் கூட்டத்துக்கே வராதவர் ஒருவர் இருக்க வேண்டும். போனதும் திட்டத்தைச் சொல்லாதீர்கள். மேலே சொன்ன இரண்டு கேள்விகளை மட்டும் கேட்டு, பதிலை அவர்கள் சொன்ன வார்த்தைகளிலேயே எழுதிக்கொண்டு வாருங்கள்.

அந்த வாரத்தில் கவனிக்க வேண்டிய இன்னொன்று, யார் இல்லை என்பது. பல சங்கக் கூட்டங்களுக்கு வீட்டு உரிமையாளரான ஆண்தான் வந்து உட்கார்கிறார். எந்த நேரம் குழாயில் காற்று வருகிறது, எந்த நாள் லாரித் தண்ணீர் உப்புக் கரிக்கிறது, துணி துவைக்க எத்தனை வாளி என்பதெல்லாம் வீட்டுப் பெண்களுக்கும், வேலைக்கு வரும் அம்மாவுக்கும், மோட்டார் போடும் வாட்ச்மேனுக்கும்தான் தெரியும். அவர்களை விட்டுவிட்டு எடுக்கும் தீர்மானம் முதல் வாரத்திலேயே ஓட்டையாகும். அழைப்பில் "வீட்டுக்கு ஒருவர்" என்று போடாமல் "தண்ணீர் விஷயம் தெரிந்தவரும் வரவும்" என்று போட்டாலே கூட்டத்தின் முகம் மாறும். நேரமும் முக்கியம். ஞாயிறு காலை பதினொரு மணி சமையல் நேரம். அதை மாற்றுங்கள்.

அடுத்தது, எண். பிளவுபட்ட கூட்டத்தில் ஒரு தரப்பு கொண்டுவரும் எண்ணை மறுதரப்பு நம்பாது, எண் சரியாக இருந்தாலும் நம்பாது. ஆகவே எண்ணை இரு தரப்பும் சேர்ந்து எடுக்க வேண்டும். மீட்டர் கேட்பவர் ஒருவரும் மீட்டர் வேண்டாம் என்பவர் ஒருவரும் ஒரு ஸ்கேலை எடுத்துக்கொண்டு ராத்திரி மொட்டைமாடிக்குப் போகட்டும். இரவு ஒரு மணிக்கு மோட்டாரை நிறுத்தி மேல்நிலைத் தொட்டியின் நீர்மட்டத்தைக் குறிக்க வேண்டும், நாலு மணிக்கு மறுபடி பார்க்க வேண்டும். தொட்டியின் உள்ளளவு 4 மீட்டருக்கு 3 மீட்டர் என்றும், மட்டம் இரண்டரை சென்டிமீட்டர் இறங்கியிருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். 300 லிட்டர் போயிருக்கிறது. ஊர் தூங்கும் மூன்று மணி நேரத்தில் பயன்பாடு மிகக் குறைவு, ஆக இதில் பெரும்பகுதி ஃப்ளஷ் தொட்டிகளிலும் குழாய் இணைப்புகளிலும் ஒழுகுவதுதான். மணிக்கு 100 லிட்டர் என்றால் நாளுக்கு 2,400, மாதத்துக்கு 72,000 லிட்டர். பன்னிரண்டாயிரம் லிட்டர் லாரியில் ஆறு லோடு. யார் வீட்டில் எத்தனை பேர் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் இவ்வளவும் யாரும் தொடாமலே சாக்கடைக்குப் போயிருக்கிறது.

இந்த எண்ணுக்கு இன்னொரு பலனும் உண்டு. எதிரெதிர்த் தரப்பில் இருக்கும் இரண்டு பேர் ஒரே டார்ச் வெளிச்சத்தில் ஒரே கோட்டைப் பார்த்துவிட்டு வந்திருப்பார்கள். கூட்டத்தில் அந்த எண்ணை அவர்கள் இருவரும் சேர்ந்து சொல்ல வேண்டும். செயலாளர் சொல்லக்கூடாது.

மீட்டர் பேச்சு வருமென்றால் பிளம்பரையும் முன்பே ஒருமுறை கூப்பிட்டு ஷாஃப்டைப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய கட்டடங்களில் ஒரு வீட்டுக்கு ஒரே குழாய் வருவதில்லை. சமையலறைக்கு ஒன்று, ஒவ்வொரு குளியலறைக்கும் ஒன்று எனத் தனித்தனியாக மேலிருந்து இறங்கும். ஒரு வீட்டுக்கு மூன்று நான்கு மீட்டர் தேவைப்படலாம். இது தெரியாமல் மீட்டர் வேண்டுமா வேண்டாமா என்று இரண்டு மணி நேரம் வாதாடிய கூட்டங்கள் ஏராளம்.

கூட்ட நாள்

ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் போக வேண்டாம். மேடை, மைக், வரிசை நாற்காலி இருந்தால் எல்லோரும் மேடையைப் பார்த்துப் பேசுவார்கள், பேச்சு பிரசங்கமாகிவிடும். ஐந்தாறு பேர் கொண்ட வட்டங்களாக உட்காரவையுங்கள், ஒவ்வொன்றிலும் எல்லாத் தரப்பும் கலந்திருக்க வேண்டும். அயர்லாந்தில் 2016 முதல் 2018 வரை நடந்த மக்கள் மன்றத்தில் 99 பொதுமக்களும் தலைவராக ஒரு நீதிபதியும் இருந்தார்கள். கருக்கலைப்பு போல அந்த நாட்டையே பிளந்திருந்த கேள்வியை அவர்கள் எடுத்துக்கொண்டபோது, வேலையின் பெரும்பகுதி ஏழெட்டுப் பேர் உட்காரும் வட்டமேசைகளில்தான் நடந்தது. ஒவ்வொரு மேசைக்கும் பேச்சை நடத்த ஒருவரும் குறிப்பெடுக்க ஒருவரும் இருந்தார்கள். நூறு பேர் முன்னால் பேசத் தயங்குபவர் ஆறு பேர் முன்னால் பேசுவார்.

முதல் இருபது நிமிடம் யாரும் பேச வேண்டாம், எழுதட்டும். ஆளுக்கு இரண்டு துண்டுச் சீட்டு. ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு வாக்கியம், தண்ணீர்க் காசைப் பற்றித் தமக்கு நியாயமென்று படுவது. பெயர் வேண்டாம். சீட்டுகளைக் கலந்து, ஒரே மாதிரி உள்ளவற்றைச் சேர்த்து, பதினைந்து இருபது வாக்கியங்களைப் பெரிய தாளில் எழுதி ஒட்டுங்கள். பிறகு ஒவ்வொருவரும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எதிரே "சரி", "இல்லை", "தெரியவில்லை" மூன்றில் ஒன்றைக் குறிக்கட்டும். மீட்டர் கேட்பவர்கள் நீல மையிலும் சமப்பங்கு கேட்பவர்கள் சிவப்பு மையிலும் குறித்தால் இன்னும் நல்லது. வேறு வழி சொல்பவருக்குப் பென்சில் போதும்.

இந்த உத்திக்குப் பின்னால் தைவானின் அனுபவம் இருக்கிறது. அங்கே ஊபர் வந்ததும் டாக்சி ஓட்டுநர்களும் ஊபர் ஆதரவாளர்களும் எதிரெதிரே நின்றார்கள். 2015இல் மக்களின் கருத்தைக் கேட்க ஒரு மென்பொருளைப் பயன்படுத்தினார்கள். அதில் ஒரு வாக்கியத்துக்கு ஒப்புக்கொள்ளலாம், மறுக்கலாம், தாண்டிப் போகலாம். பதில் சொல்லிச் சண்டை போட மட்டும் வழியே கிடையாது. தங்கள் வாக்கியத்துக்கு எதிர்த்தரப்பும் "சரி" போட வேண்டுமென்றால் அப்படித்தான் எழுத வேண்டும் என்று மக்கள் மெல்லப் புரிந்துகொண்டார்கள். கடைசியில், இந்தச் சந்தர்ப்பத்தைக் கொண்டு டாக்சித் தொழிலின் தரத்தையும் உயர்த்த வேண்டும் என்பது போன்ற வாக்கியங்களுக்கு இரண்டு தரப்பும் பெருவாரியாக ஒப்புக்கொண்டன.

உங்கள் தாளிலும் அதையே தேடுங்கள். மொத்தத்தில் அதிக "சரி" வாங்கிய வாக்கியம் உங்களுக்கு வேண்டாம், பெரிய தரப்பின் வாக்கியம்தான் அதில் முன்னுக்கு வரும். நீலத்திலும் பாதிக்கு மேல், சிவப்பிலும் பாதிக்கு மேல் "சரி" விழுந்த வாக்கியங்களை மட்டும் வட்டமிடுங்கள். "முதலில் ஒழுகலை அடைக்க வேண்டும்", "எந்த வீட்டிலும் தலை எண்ணிப் பார்க்க ஆள் வரக்கூடாது", "காலி வீடும் ஏதோ ஒரு பங்கு தர வேண்டும்", "மாதப் பணம் எவ்வளவு என்று முன்கூட்டியே தெரிய வேண்டும்" போன்றவை இப்படி மேலெழும். கூட்டத்தின் உடன்படும் இடம் இதுதான். சிறியதாகத் தோன்றும், ஆனால் எல்லோர் காலும் அதில் இருக்கிறது.

அதன் பிறகுதான் பேச்சு. ஒரே ஒரு விதி போதும். முந்தியவர் சொன்னதை அவரே "ஆமா, அதுதான் சொன்னேன்" என்று ஒப்புக்கொள்ளும்படி திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் தன் கருத்தைச் சொல்ல வேண்டும். உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1950களின் தொடக்கத்தில் சொன்ன முறை இது. ஆரம்பத்தில் பள்ளிக்கூட விளையாட்டு மாதிரி கூச்சமாக இருக்கும். பத்து நிமிடத்தில் ஒரு மாற்றம் தெரியும்: மறுமொழியை மனதுக்குள் தயாரித்துக்கொண்டிருந்தவர்கள் உண்மையிலேயே கேட்கத் தொடங்குவார்கள், குரல் தானாகத் தணியும்.

ஒரே தாள்

ஆளுக்கொரு திட்டம் கொண்டுவந்தால் ஆளுக்கொரு கொடி பிடித்த மாதிரிதான். கேம்ப் டேவிட்டில் அமெரிக்கத் தரப்பு ஒரே ஒரு வரைவை எழுதி, இரு தரப்பிடமும் மாறி மாறிக் காட்டி, "இதில் எது சரியில்லை?" என்று மட்டும் கேட்டுத் திருத்திக்கொண்டே போனது. பதின்மூன்று நாளில் இருபதுக்கும் மேற்பட்ட வரைவுகள். யாரும் மற்றவர் திட்டத்துக்குச் சம்மதிக்க வேண்டியிருக்கவில்லை, பொதுவில் கிடந்த ஒரு தாளைத் திருத்தினார்கள். உங்கள் கூட்டத்துக்கு மூன்று நான்கு வரைவு போதும்.

நாற்பது வீடு, 140 பேர், கோடை மாத லாரிச் செலவு 1,20,000 ரூபாய் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சமப்பங்கு என்றால் வீட்டுக்கு 3,000. வட்டமிட்ட வாக்கியங்களிலிருந்து எழும் முதல் வரைவு இப்படி இருக்கலாம். செலவில் 30 சதவீதம், அதாவது 36,000 ரூபாய், எல்லா வீடும் சமமாக. வீட்டுக்கு 900. படிக்கட்டு கழுவுவது, செடிக்கு ஊற்றுவது, காவலர் கழிப்பறை, பொதுக்குழாய் ஒழுகல் இவையெல்லாம் ஆள் எண்ணிக்கையோடு சம்பந்தப்படாதவை, பூட்டிய வீட்டுக்கும் அவற்றில் பங்குண்டு. மீதி 84,000 ரூபாய் தலைக்கு 600. தலைக்கணக்கை வீட்டாரே வருடத்துக்கு ஒருமுறை எழுதிக் கொடுப்பார்கள். மாதத்தில் 15 நாளுக்குக் குறைவாகத் தங்கும் விருந்தாளி கணக்கில் வரமாட்டார்.

இரண்டு பேர் வீட்டுக்கு 2,100. ஆறு பேர் வீட்டுக்கு 4,500. பூட்டிய வீட்டுக்கு 900. இதைப் பார்த்ததும் பெரிய குடும்பம் அதிரும், மாதம் ஆயிரத்து ஐந்நூறு கூடுகிறது. இங்கே நிறுத்தி, "இதில் எது தாங்காது?" என்று கேட்க வேண்டும். தொகை தாங்காது என்று பதில் வந்தால், ஒழுகலை அடைத்து மிச்சமாகும் லாரிகளை முதலில் கழித்துவிட்டுப் பிறகு பிரிக்கலாமா என்று இரண்டாம் வரைவு போகும். முதியவரின் "ஏறி இறங்கக் கூடாது" என்பதற்காக, ஏப்ரல் முதல் ஜூன் வரை ஒரே தொகை, மீதியோ குறைவோ ஜூலையில் சரிசெய்யப்படும் என்று மூன்றாம் வரைவு போகும். அந்த 30 என்ற எண்ணை வானத்திலிருந்து எடுத்ததாகத் தோன்றவிடாதீர்கள். பொதுப் பயன்பாட்டுக்கு எத்தனை வாளி என்று வாட்ச்மேனைக் கேட்டு, அதோடு இரவில் அளந்த ஒழுகலையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். உங்கள் கட்டடத்தில் அது 20 ஆக இருக்கலாம், 35 ஆக இருக்கலாம். காரணம் தெரிந்த எண்ணை மனிதர்கள் ஏற்பார்கள், பேரம் பேசி வந்த எண்ணை அடுத்த கூட்டத்திலேயே மறுபடி பேரம் பேசுவார்கள்.

முடிவுக்குக் கை தூக்கச் சொல்லாமல் விரல் காட்டச் சொல்லுங்கள். ஐந்து விரல் என்றால் முழு மனசு. நாலு, சரி. மூன்று, குறை இருக்கிறது ஆனாலும் இதோடு ஓடலாம். இரண்டு, ஏதாவது மாற வேண்டும். ஒன்று, எதிர்க்கிறேன். மூடிய கை, இது நடந்தால் நான் காசு கட்டமாட்டேன். எல்லோரும் ஒரே நேரத்தில் காட்ட வேண்டும், இல்லையென்றால் பெரியவர் விரலைப் பார்த்து மற்றவர் விரல் மாறும். இரண்டும் அதற்குக் கீழும் காட்டியவர்களிடம் மட்டும் "எது மாறினா மூணு காட்டுவீங்க?" என்று கேளுங்கள். மூன்று விரலுக்கு நீங்கள் குறி வைத்தால் போதும். ஐந்துக்கு ஆசைப்பட்டால் விடியும்வரை உட்கார வேண்டியதுதான்.

எங்கே கெடும்

"மௌனம் சம்மதம்" என்ற பேச்சு கூட்டங்களில் பெரிய கேடு செய்கிறது. பக்கத்து வீட்டாரோடு முகம் முறிய வேண்டாமென்று பேசாமலிருப்பவரின் மௌனம் பல நேரம் மறுப்பு. அது அன்றைக்கு வாய் வழியாக வராது, மாதக் கடைசியில் பாக்கியாக வரும். சீட்டும் விரலும் இதற்காகத்தான்.

வாட்ஸ்அப் குழுவில் இந்த விவாதத்தைத் தொடங்காதீர்கள். "சில வீட்டில் கார் கழுவுறாங்க" என்று ஒரு வரி விழுந்தால் போதும், அது யாரைச் சொல்கிறது என்று பத்து வீடு யோசிக்கும். தண்ணீரைப் பற்றிய பேச்சு ஆளின் குணத்தைப் பற்றிய பேச்சாக மாறிய பிறகு எந்தக் கணக்கும் உதவாது. கூட்டத்திலும் அப்படி ஒரு வரி வந்தால் நடத்துபவர் அதைச் செயலாக மாற்றிச் சொல்ல வேண்டும்: "கார் கழுவ லாரித் தண்ணீர் பயன்படக்கூடாதுன்னு சொல்றீங்க, அப்படித்தானே?" வாக்கியம் தாளில் ஏறும், யார் மீதும் பழி ஏறாது.

நடத்துபவருக்கே ஒரு பிடி இருந்தால் கூட்டம் அதை ஐந்து நிமிடத்தில் மோப்பம் பிடித்துவிடும். செயலாளருக்கு மீட்டர்தான் வேண்டுமென்றால் அன்று அவர் ஒரு வட்டத்தில் உட்காரட்டும், நடத்துவதை வேறொருவர் பார்க்கட்டும். இரண்டு தரப்பும் மரியாதை வைத்திருக்கும் ஓர் ஆசிரியரோ செவிலியரோ எல்லாக் கட்டடத்திலும் ஒருவராவது இருப்பார்.

தேடவே கூடாத இடம்

எல்லாப் பிளவுக்கும் நடுவில் ஓர் உடன்படும் இடம் இருக்கிறது என்று நினைப்பது தவறு. ஒருவரின் கண்ணியமே கேள்வியாக வைக்கப்பட்டால் இந்த முறைகளை எடுக்கக்கூடாது. தமிழ்நாட்டின் டீக்கடைகளில் இருந்துவந்த இரட்டைக் குவளைக்கு எந்த நடுவழியும் கிடையாது. தீண்டாமையை அரசியலமைப்பின் 17ஆவது பிரிவு ஒழித்துவிட்டது, பேசுவதற்கு ஒன்றுமில்லை. அதுபோலவே, வீட்டு வேலைக்கு வரும் பெண் குடியிருப்பின் லிஃப்டில் வரலாமா, பொதுக் குழாயில் தண்ணீர் குடிக்கலாமா என்று ஒரு சீட்டு வந்தால் அதைத் தாளில் ஏற்றி "சரி", "இல்லை" குறிக்கவிடாதீர்கள். இது கூட்டம் முடிவு செய்யும் விஷயம் இல்லை என்று நடத்துபவர் சொல்லி, எடுத்து வைத்துவிட வேண்டும். பாதிக்கப்படுகிறவர் அந்த அறையிலேயே இல்லாதபோது அவரைப் பற்றி எட்டப்படும் இணக்கம், இருப்பவர்கள் தங்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாடு மட்டுமே.

மறுநாள் காலை

தீர்மானத்தை எழுதி லிஃப்ட் பக்கத்தில் ஒட்டுவதற்கு ஒரு நாளுக்கு மேல் எடுக்காதீர்கள். ஆளுக்கு ஆள் வேறு மாதிரி நினைவு வைத்துக்கொள்ள அதற்குமேல் நேரம் தேவையில்லை. தாளில் நான்கு விஷயம் இருக்க வேண்டும்: தொகையும் அதன் கணக்கும், யார் எந்தத் தேதிக்குள் ஒழுகலை அடைப்பார்கள், எத்தனை பேர் எத்தனை விரல் காட்டினார்கள், எதில் இன்னும் உடன்படவில்லை. கடைசியானதைப் பலர் வெட்கப்பட்டு விட்டுவிடுகிறார்கள். "மீட்டர் பற்றி உடன்பாடில்லை. ஷாஃப்டில் ஒரு வீட்டுக்கு எத்தனை மீட்டர் தேவை என்ற பிளம்பரின் கணக்கு வந்ததும் ஜூலை முதல் ஞாயிறு மறுபடி பேசப்படும்" என்று எழுதிவிட்டால், தோற்றுவிட்டதாக யாரும் நினைக்கமாட்டார்கள். அவர்களுடைய கேள்விக்கு ஒரு தேதி கிடைத்துவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் மேல்நிலைத் தொட்டியின் மட்டத்தை இன்னொரு ராத்திரி, அதே இரண்டு பேர், அதே ஸ்கேலில் பார்த்து வைக்கட்டும்.